மருத்துவக் கணக்கில் கிரேயான்: சனிக்கிழமை வகுப்பு பற்றி ஒரு விளக்கம்

(அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



சென்ற கூட்டத்தில் வரவு செலவு வாசித்தபோது ஒரு பெரியவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மருத்துவ உதவி என்ற தலைப்பில் டயாலிசிஸ் உதவி இருக்கிறது, கண் ஆபரேஷன் இருக்கிறது, பிரசவச் செலவு இருக்கிறது. அவற்றுக்கு நடுவில் "வரைதாள், கிரேயான், பென்சில்" என்று ஒரு வரி எப்படி வந்தது? "கணக்கப்பிள்ளை தப்பா ஏத்திட்டாரா, இல்லே தெரிஞ்சேதான் ஏத்தினீங்களா?" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அன்று நேரம் இல்லாததால் அடுத்த கூட்டத்தில் விளக்கம் தருகிறோம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டோம்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். அந்தச் செலவுக்கு ஜகாத் பணத்திலிருந்து ஒரு பைசாவும் எடுக்கவில்லை. பொது நன்கொடையில்தான் வாங்கினோம். கணக்கப்பிள்ளை மேல் தவறில்லை. மருத்துவத் தலைப்பில் ஏற்றச் சொன்னதே நாங்கள்தான். சனிக்கிழமை சாயந்திரம் மாடியில் பிள்ளைகள் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ட்ராயிங் கிளாஸ் நடத்துறீங்களாமே, ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது ட்ராயிங் கிளாஸ் இல்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம்.

இது எப்படித் தொடங்கியது என்றால், திட்டம் போட்டுத் தொடங்கியது அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் ஷாதி மஹாலைத் திறந்துவிட்டோம். நம் மஹல்லாக் குடும்பங்களும் வந்தன, மீனவர் குப்பத்துக் குடும்பங்களும் வந்தன. கரண்ட் இல்லை. பெரியவர்கள் அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் அலைந்துகொண்டிருக்க, பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைப்பது பெரும்பாடாக இருந்தது. அந்த வாரம் நடக்க வேண்டிய மீலாது கூட்டம் நின்றுபோனதால் அதன் நோட்டீஸ் கட்டுக் கட்டாக மிஞ்சிக் கிடந்தது. பின்பக்கம் வெள்ளை. ஒரு தொண்டர் ஆளுக்கொரு நோட்டீஸும் பால்பாயிண்ட் பேனாவும் கொடுத்து, "எதையாச்சும் வரைங்கப்பா" என்றார். சத்தம் குறைந்தால் போதும் என்பதுதான் அவருடைய நோக்கம்.

பிள்ளைகள் வரைந்தவற்றில் பாதிக்கு மேல் தென்னைமரம். எல்லாம் படுத்துக் கிடந்தன. அது ஆச்சரியமில்லை, வெளியே பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. ஏழு வயதுப் பையன் ஒருவன் மட்டும் ஒரு கூரையை வரைவான், அதன்மேல் பேனாவால் கிறுக்கிக் கிறுக்கித் தாள் கிழியும்வரை கறுப்பாக்குவான், பிறகு அடுத்த நோட்டீஸை எடுப்பான். மூன்று நாளாக யாரிடமும் பேசவில்லை. எங்களில் ஒருவர் "பையனுக்கு மூளையில ஏதோ பயம் ஏறிடுச்சு" என்றார். இன்னொருவர் ஓதிப் பார்க்கலாம் என்றார். அப்போது அரசு மருத்துவமனையிலிருந்து முகாம்களைச் சுற்றி வந்த குழுவில் மனநல டாக்டர் ஒருவர் இருந்தார், இளம்பெண். நாங்கள் அந்தத் தாள்களை அள்ளிக்கொண்டு போய் அவரிடம் நீட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டோம். அவர் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "படத்தை அப்புறம் பார்த்துக்கலாம். வரையறப்ப நீங்க புள்ளையப் பாருங்க. பக்கத்துல உட்காருங்க. என்ன வரைஞ்சேன்னு கேளுங்க, ஏன் வரைஞ்சேன்னு கேக்காதீங்க" என்றார்.

ஒரு தொண்டர் அப்படியே உட்கார்ந்தார். மஹாலின் தகரக் கூரை காற்றில் தடதடத்த ஒவ்வொரு முறையும் பையன் பேனாவைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்துகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று நாளாக நாங்கள் எல்லோரும் அதே மஹாலில்தான் இருந்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. மறுநாள் அவனே சொன்னான். அது அவர்கள் வீட்டு ஆட்டுக்கொட்டகைக் கூரை. உள்ளே குட்டி இருந்தது. வீட்டில் எல்லோரும் உயிர் தப்பிய நன்றியில் இருந்தார்கள். ஆட்டுக்குட்டியைப் பற்றி அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சகோதரர்களே, படம் வரைய வைத்து மனதின் நிலையை அறிவது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. மருத்துவ உலகில் அதற்கு ஏறக்குறைய நூறு வருடக் கதை இருக்கிறது. 1926-இல் அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் குட்இனஃப் என்ற உளவியல் அறிஞர், பிள்ளையிடம் ஒரு மனிதனை வரையச் சொல்லி, கழுத்து இருக்கிறதா, விரல் ஐந்தா, உடை இருக்கிறதா என்று 51 அம்சங்களை எண்ணி அறிவு வளர்ச்சியை மதிப்பிட ஒரு முறை வகுத்தார். அழகாக வரைந்ததற்கு அதில் மார்க் கிடையாது. அடுத்து வந்தவர்கள் இன்னும் ஆழமாகப் போகப் பார்த்தார்கள். 1948-இல் ஜான் பக் என்பவர் வீடு, மரம், மனிதன் என்று மூன்றை வரையச் சொன்னார். 1949-இல் கேரன் மக்கோவர், மனிதப் படத்தை வைத்து வரைந்தவரின் குணத்தையே சொல்லலாம் என்று நூல் எழுதினார். கண்ணை அழுத்தி வரைந்தால் இப்படி, தலை பெரிதாக இருந்தால் அப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். இந்த முறைகள் உலகமெங்கும் பரவின. இன்றும் பலர் கையாள்கிறார்கள்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. 1967-இல் லோரன் சாப்மேன், ஜீன் சாப்மேன் என்ற கணவன் மனைவி இருவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். உளநோய் பற்றிய பயிற்சி இல்லாத கல்லூரி மாணவர்களிடம் நோயாளிகளின் படங்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும், வரைந்தவருக்கு இன்ன பிரச்சினை என்று ஒரு குறிப்பு. உண்மையில் எந்தப் படத்துக்கு எந்தக் குறிப்பு என்பது திட்டமிட்டே தொடர்பில்லாமல் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனாலும் மாணவர்கள், சந்தேகக் குணம் உள்ளவர்கள் கண்ணை வித்தியாசமாக வரைகிறார்கள் என்று "கண்டுபிடித்தார்கள்". அனுபவம் மிக்க நிபுணர்கள் சொல்லி வந்ததும் அதுவேதான். அந்தக் கட்டுக்குள் அப்படி ஒரு தொடர்பே கிடையாது. படத்தில் இல்லாததை, தன் மனதில் முன்பே இருப்பதை, பார்ப்பவரே படத்தில் கண்டுகொள்கிறார். பின்னால் வந்த ஆய்வுகளும், படத்தின் ஒரு தனி அடையாளத்தை வைத்து இவருக்கு இன்ன நோய் என்று சொல்வதற்குப் போதிய ஆதாரமில்லை என்றே சொல்கின்றன.

நம் முன்னோர் காலத்தில் சில வீடுகளில் பால் கிதாபு பார்ப்பார்கள். கண்ணை மூடி விரலை வைத்து, விழுந்த இடத்தில் உள்ளதைப் படித்து, கல்யாணத்தை முடிவு செய்வார்கள், களவு போன நகைக்கு ஆளைச் சொல்வார்கள். அது கூடாது என்று மிம்பரில் எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. பிள்ளை வரைந்த படத்தை வைத்து வீட்டுக்குள் நடப்பதைச் சொல்வதும் பால் கிதாபுக்கு அடுத்த வீடுதான். இதை மற்றவர்களைக் குறைசொல்வதற்காகச் சொல்லவில்லை. அந்தத் தவற்றை நாங்களே செய்தோம். (இனி சொல்லும் நிகழ்ச்சிகளில் வயது, தெரு முதலியவற்றை மாற்றியிருக்கிறோம். யாரென்று ஊகிக்க முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.)

சனிக்கிழமை வகுப்பு தொடங்கிய முதல் வருடம். ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி தன் வீட்டை வரைந்தாள். நல்ல பெரிய வீடு, ஜன்னல் உண்டு, வாசல்கதவு இல்லை. எங்கள் தொண்டர்களில் ஒருவர் எங்கோ ஒரு வீடியோவில், கதவில்லாத வீடு என்றால் பிள்ளையை அடைத்து வைக்கிறார்கள் என்று அர்த்தம் எனப் பார்த்திருக்கிறார். அவர் எங்களிடம் சொல்ல, நாங்கள் நன்மை செய்வதாக நினைத்து இரண்டு பெரியவர்களை அந்த வீட்டுக்கு அனுப்பினோம். வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார், உம்மா தனியாக மூன்று பிள்ளைகளை வைத்திருக்கிறார். பட்டப்பகலில் ஜமாஅத் ஆட்கள் இரண்டு பேர் வாசலில் வந்து நின்று, பிள்ளையை எப்படி வளர்க்கிறீர்கள் என்று கேட்டால் தெருவே எட்டிப் பார்க்காதா? அந்த உம்மா அழுததை நாங்கள் பிறகுதான் கேள்விப்பட்டோம். பிள்ளை வரைந்தது வீட்டின் கொல்லைப்புறம். அவள் விளையாடுவது அங்கேதான். கொல்லைப்பக்கம் கதவு இல்லை, பக்கத்துச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். "இது வீட்டோட எந்தப் பக்கம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் மன்னித்தார், ஆனால் பிள்ளையை அனுப்பவில்லை. மக்தபுக்கே ஒரு வருடம் அனுப்பவில்லை. அந்தக் கடன் இன்னும் எங்கள் மேல்தான் இருக்கிறது.

படம் வரைவதே கூடுமா என்ற கேள்வியும் வந்தது. மதரஸாவில் ஓதியவர்கள் என்ற முறையில் அதைத் தாண்டிப்போக எங்களால் முடியாது. உயிருள்ளவற்றை உருவமாக வரைவது பற்றிய கண்டிப்பான ஹதீஸ்களும் அவற்றின் மேல் இமாம்களின் விளக்கங்களும் உஸ்தாதுகளுக்குத் தெரியும். பிள்ளைகளின் விளையாட்டுக்கு இருக்கும் சலுகையும் தெரியும். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். கருத்து வேறுபாட்டை எங்கள் மாடியில் வைத்துத் தீர்க்கும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. ஹஜ்ரத் அவர்களிடம் போனோம். அவர் இரண்டு செய்திகளை எடுத்துத் தந்தார். ஒன்று, உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்ன வழி: மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளலாம் என்பது. மற்றது, நபி (ஸல்) அவர்களே தரையில் ஒரு சதுரத்தை வரைந்து, நடுவில் சதுரத்தைத் தாண்டி வெளியே போகும் ஒரு கோட்டையும், பக்கத்தில் சிறு சிறு கோடுகளையும் போட்டு, மனிதனையும் அவனைச் சூழ்ந்த தவணையையும், தவணையையும் தாண்டி நீளும் அவனுடைய ஆசையையும், குறுக்கே வரும் சோதனைகளையும் தோழர்களுக்கு விளக்கிய செய்தி. புகாரியில் இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக வருகிறது. பத்து வருடம் ஓதியும், அதை இந்தக் கோணத்தில் நாங்கள் பார்த்ததில்லை.

ஆகவே எங்கள் மாடியில் மனித உருவம் வரையச் சொல்வதில்லை. பிள்ளை தானாக வரைந்தால் தாளைப் பிடுங்குவதும் இல்லை. வீடு, மரம், தெரு, கடல், பாலம். இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. 1981-இல் ரொனால்டு ஹேஸ், ஷெர்ரி லயன்ஸ் என்ற இரண்டு கலை சிகிச்சையாளர்கள் வளரிளம் பருவத்தினருக்காக ஒரு முறை வகுத்தார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் ஒரு பாலத்தை வரைய வேண்டும். எந்தத் திசையில் போகிறாய் என்று ஓர் அம்புக்குறி, பாலத்தில் நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று ஒரு புள்ளி. அவ்வளவுதான், உருவம் தேவையில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, கீழே என்ன ஓடுகிறது என்று பிள்ளையே பேச ஆரம்பித்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் "மனசுல என்ன கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள், "ஒண்ணுமில்லே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. புள்ளியை ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டால் வருகிறது.

இன்னொரு நிகழ்ச்சி. சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் கேள்விக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது. இரண்டாம் வருடம் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. நல்ல படங்களை மாடிச் சுவரில் ஒட்டினோம், வாட்ஸ்ஆப் குழுவில் போட்டோம், வருடக் கடைசியில் பரிசு கொடுத்தோம். பதினாலு வயதுப் பெண் ஒருத்தி வாராவாரம் பூ வரைவாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஒரே அளவில், கோட்டுக்கு வெளியே ஒரு துளி கலர் போகாமல். மாஷா அல்லாஹ் என்று மெச்சினோம். முதல் பரிசு அவளுக்குத்தான். பரிசு வாங்கிய இரண்டாவது மாதம் அவளை ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளப் பார்த்தாள். அல்லாஹ் காப்பாற்றினான். இன்று நன்றாக இருக்கிறாள், படிக்கிறாள்.

அந்தப் பூக்களில் அடையாளம் ஏதும் இருந்ததா என்று பிறகு எல்லாத் தாள்களையும் எடுத்து வைத்துப் பார்த்தோம். அடையாளம் என்று எதையும் எங்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆரம்பத்து வாரங்களின் தாள்களில் பூ மட்டும் இல்லை. கடல் இருந்தது, அவர்கள் தெரு இருந்தது, அவள் உம்மம்மா வீட்டு மாமரம் இருந்தது, கோடு கோணல்மாணலாக இருந்தது. எந்த வாரம் அவை நின்று வெறும் பூவாக மாறின என்று யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் பூக்கள் அழகாக இருந்தன. நாங்கள் மார்க் போட்டுக்கொண்டிருந்தோம். மார்க் போடும் இடத்தில், மார்க் வாங்கக்கூடியதைத்தான் பிள்ளை வரையும். பரிசுக் கோப்பையை நாங்களே அவள் கையில் கொடுத்து, இதை மட்டும் வரை, வேறு எதையும் எங்களுக்குக் காட்டாதே என்று சொன்னது போலாகிவிட்டது.

அன்றிலிருந்து பரிசு கிடையாது, சுவரில் ஒட்டுவது கிடையாது, வாட்ஸ்ஆப்பில் ஒரு படமும் போவதில்லை. "என் புள்ள வரைஞ்சத ஸ்டேட்டஸ்ல போடணும், ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்கும் உம்மாமார்கள் எங்கள் மேல் கோபப்படுகிறீர்கள். தெரியும். கோபப்படுங்கள்.

இப்போது அங்கே என்ன நடக்கிறது? ஆறேழு பிள்ளைகளுக்கு ஒரு தொண்டர். தாளும் கலரும் கொடுக்கிறோம். முக்கால் மணி நேரம். முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையுடனும் கொஞ்சம் பேச்சு: "இதைப் பத்திச் சொல்லு." தாளின் பின்னால் தேதி போட்டு அந்தந்தப் பிள்ளையின் உறையில் வைக்கிறோம். தொண்டர் தன் நோட்டில் படத்தைப் பற்றி எழுதுவது குறைவு, பிள்ளையைப் பற்றித்தான் எழுதுவார். வந்தவுடன் உட்கார்ந்ததா, சுவரோரம் நின்றதா. போன மாதம்வரை தாள் முழுக்க வரைந்த பிள்ளை இப்போது ஒரு மூலையில் மட்டும் வரைகிறதா. வரைந்ததைக் கசக்கிப் போடுகிறதா. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறதா. தூங்கி விழுகிறதா. கலை சிகிச்சைத் துறையிலேயே இப்படி ஒரு திருப்பம் உண்டு. 1998-இல் லிண்டா கான்ட், கார்மெல்லோ டபோன் இருவரும் மனநோயாளிகளின் படங்களை மதிப்பிட 14 அளவுகோல்கள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். மரத்திலிருந்து ஆப்பிள் பறிக்கும் ஒருவரை வரையச் சொல்வார்கள். அதில் ஆப்பிளுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்விக்கே இடமில்லை. எவ்வளவு கலர், எவ்வளவு இடம், கோடு எப்படி, படத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை, நாங்கள் அதைச் செய்வதில்லை. ஆனால் வரைந்த பொருளைவிட வரைந்த விதத்தையும், ஒரு தாளைவிட பல வாரத் தாள்களையும் பார் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டோம்.

அந்த உறைகள் இரும்பு பீரோவில் இருக்கின்றன. சாவி இரண்டு பேரிடம். அதை அமானிதம் என்று நினைக்கிறோம். இரண்டாம் உலகப்போரின்போது நாஜிகள் யூதக் குடும்பங்களை அடைத்து வைத்த தெரசின் என்ற ஊரில், ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை 1942 முதல் பிள்ளைகளுக்கு ரகசியமாக ஓவியம் சொல்லிக் கொடுத்தார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போவதற்கு முன் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு சூட்கேஸ்களில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அவை இன்று பிராகில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உயிர் தப்பவில்லை. அவரிடம் படித்த ஈடித் கிராமர்தான் பிறகு அமெரிக்காவில் கலை சிகிச்சையை வளர்த்த முக்கியமான ஒருவர். எந்த இனத்துப் பிள்ளையாக இருந்தால் என்ன, ஒரு பிள்ளை கை வைத்த தாளைக் குப்பையில் போட எங்களுக்கு மனம் வருவதில்லை.

பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் பள்ளிவாசலின் பழைய மோதினாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் மகனிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறோம். முப்பத்தெட்டு வருடம் பாங்கு சொன்னவர். கடைசிக் காலத்தில் மூன்று மணிக்கு மைக்கைப் போட்டு மக்ரிபுக்குப் பாங்கு சொல்லப் போனார், ஒருமுறை. இன்னொருமுறை ஒளூ செய்துவிட்டு மீண்டும் ஒளூ செய்யப் போனார், மீண்டும் போனார். நாம் என்ன செய்தோம்? சிலர் சிரித்தோம், சிலர் கோபப்பட்டோம், நிர்வாகம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. வயசானால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டோம். முதியோர் முகாமுக்கு வந்த டாக்டர் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, "பாய், ஒரு கடிகாரம் வரைங்க. எல்லா எண்ணையும் போட்டு, பதினொண்ணு பத்து காட்டுங்க" என்றார்.

வட்டத்தை நன்றாகப் போட்டார். பிறகு ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை எல்லா எண்களையும் வலப்பக்கத்திலேயே அடுக்கினார். இடப்பக்கம் காலி. பெரிய முள்ளைப் பத்தின் மேல் வைத்தார். வைத்துவிட்டுத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்கே தெரிந்தது, என்ன என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஐந்து வேளை கடிகாரத்தைப் பார்த்து வாழ்ந்த மனிதர்.

இந்தக் கடிகாரப் பரிசோதனையை மறதி நோயை முன்கூட்டி அறிய உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். மூன்று வார்த்தைகளை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வதோடு சேர்த்து, மூன்று நான்கு நிமிடத்தில் முடியும். பதினொன்று பத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. "பத்து" என்று காதில் விழுந்ததும் முள் பத்தை நோக்கிப் போகப் பார்க்கும். அதைத் தடுத்து, பத்து நிமிடம் என்றால் இரண்டின் மேல் என்று மாற்றிக்கொள்ள மூளை வேலை செய்ய வேண்டும். இதுவும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது. பள்ளிக்கூடம் போகாதவர், பார்வை மங்கியவர், கை நடுக்கம் உள்ளவர் இவர்களிடம் இது தவறாகக் காட்டலாம். டாக்டர் அதைச் சொல்லித்தான் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து உறுதி செய்தார்கள். நோய் திரும்பாது, ஆனால் அவர் மகன் இப்போது வாப்பாவைத் திட்டுவதில்லை. நாமும் சிரிப்பதில்லை.

கவலைப்படும்படி ஏதாவது தெரிந்தால் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தெருவுக்கு ஆள் அனுப்புவதில்லை. முதலில் பெற்றோரில் ஒருவரை மட்டும் தனியாக அழைத்துப் பேசுகிறோம், படத்தைக் காட்டாமல். தேவைப்பட்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எங்கள் ஆளே கூடப் போகிறார், கட்டணம் கிடையாது. வெளியில் வர கூச்சப்படுபவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசலாம். இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் விஷயத்துக்கு 1098. பிள்ளையிடம் எங்கள் தொண்டர்கள் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பு. பிள்ளை மீது பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ அஞ்சக் காரணம் இருந்தாலோ, 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அது நம் வீட்டு ஆளாக இருந்தாலும், ஜமாஅத் பிரமுகராக இருந்தாலும், உஸ்தாதாக இருந்தாலும். மறைத்தவரும் குற்றவாளி. மானத்துக்கு அஞ்சி மூடி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் கொஞ்சம் உரக்கச் சொல்கிறோம்.

அந்தப் பதினாலு வயதுப் பிள்ளையின் வீட்டார் அன்று மருத்துவமனையில் உண்மையைச் சொல்லத் தயங்கினார்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று. 2017-ஆம் வருடத்து மனநலச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

துஆ வேண்டாமா, ஓதிப் பார்க்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: ஓதுங்கள், நாங்களும் ஓதுகிறோம். கூடவே மருத்துவமனைக்கும் வாருங்கள். 934-இல் மறைந்த அபூஸைத் அல்பல்கி உடம்புக்கும் மனதுக்கும் சேர்த்தே ஒரு நூல் எழுதி, கோபம், அச்சம், கவலை, விடாமல் துரத்தும் எண்ணங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லியிருக்கிறார். அந்தப் பாரம்பரியம் உள்ள சமுதாயத்தில்தான் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப் போனார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, என்ன வரைந்தாய் என்று யாராவது கேட்டிருப்பார்கள்?

கடைசியாகக் கணக்கு. இந்த வருடமும் தாள், கிரேயான் செலவை மருத்துவத் தலைப்பிலேயே வைத்திருக்கிறோம். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் கொடுத்தால் அடுத்த நிர்வாகக் குழுவில் வைக்கிறோம். கேள்வி கேட்ட பெரியவர் முன்வரிசையில் இருக்கிறார், அவர் பேரன் போன மாதம் முதல் மாடிக்கு வருகிறான் என்பதை அவரே சொல்லச் சொன்னார். பெண்பிள்ளைகள் பக்கம் இன்னும் இரண்டு தொண்டர்கள் வேண்டும். வரையத் தெரிய வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் செல்போனைத் தொடாமல் உட்காரத் தெரிந்தவர்களாக இருந்தால் போதும். பெயரைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.